அரசர் இல்லாத படம்
பரோக் கலை என்றாலே பொன்முலாமும் புரளும் பட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஆந்தனி வான் டைக்கின் நீர்வண்ண நிலக்காட்சிகளைப் பார்க்க வேண்டும். 1632-இல் லண்டன் வந்து முதலாம் சார்லஸின் அரசவை ஓவியரானவர். சீமான்களின் சரிகைக்கும் சீமாட்டிகளின் முத்துக்கும் உழைத்த கை அது. அதே கை ஒரு மரவரிசையையும் புல்வெளியையும் பச்சையும் நீலமுமாகக் காகிதத்தில் கரைத்துவிட்டிருக்கிறது. இலைகளை எண்ணி வரையவில்லை. ஈரத் தூரிகையின் தொடுதல்களே தழையாகிவிடுகின்றன. எண்ணெய் ஓவியங்களின் பின்புலத்துக்கான பயிற்சி என்று இவற்றை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசரும் இல்லை, குதிரையும் இல்லை, முகத்துதிக்கு வேலையே இல்லை. வான் டைக் 1641-இல் இறந்தபோது ஆங்கில நீர்வண்ண ஓவியர் டர்னர் பிறக்க இன்னும் 134 ஆண்டுகள் இருந்தன. ஆங்கில நீர்வண்ண மரபை டர்னர் காலத்திலிருந்து தொடங்குகிறவர்கள், ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த இந்த மனிதரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.