விண்ணப்பம் முடிந்த பிறகு வரும் செய்தி

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் காலனித் தெருக்களில் ஒரே கேள்விதான் சுற்றிவரும்: அடுத்து என்ன படிப்பது? ஒவ்வொரு தெருவிலும் நன்றாகப் படம் வரையும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். ஏப்ரல் 14-க்குச் சுவரில் அண்ணல் அம்பேத்கரின் உருவத்தை வரைந்தது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளிக்கூடமே தேடியதும் அதைத்தான். "டிசைன் படிப்பு என்று ஒன்று இருக்கிறது, ஐஐடியிலேயே இருக்கிறது" என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்வதும் அந்த மே மாதத்தில்தான். அந்த ஆண்டின் தேர்வு முடிந்து நான்கு மாதம் ஆகியிருக்கும்.

இந்த நான்கு மாத இடைவெளியைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நம் பிள்ளைகளின் திறமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். நாட்காட்டியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வு 2015-இல் தொடங்கியது. பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐஐடிகளும் ஜபல்பூரில் உள்ள மத்தியக் கல்வி நிறுவனமும் இன்னும் சிலவும் இதன் மதிப்பெண்ணை வைத்துத்தான் நான்காண்டு பி.டெஸ். படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கின்றன. விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறந்து, ஒரு மாதத்தில் மூடிவிடும். தேர்வு ஜனவரியில். அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் (என்ஐடி), சென்னை தரமணியில் 1995 முதல் வளாகம் வைத்திருக்கும் நிஃப்டுக்கும் தனித்தனித் தேர்வுகள். அவற்றுக்கான விண்ணப்ப வேலையும் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். நம் பள்ளிகளில் மேற்படிப்பு வழிகாட்டி நிகழ்ச்சிகள் களைகட்டுவது அதற்குப் பிறகு.

யூசீட் தேர்வை அதிகபட்சம் இரண்டு முறைதான் எழுத முடியும். அதுவும் பிளஸ் டூ படிக்கும் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும். மே மாதத்தில் கேள்விப்படும் பிள்ளைக்கு முதல் வாய்ப்பு தானாகவே போய்விட்டது. இரண்டாவதை எழுத வேண்டுமானால் ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டும். கூலிக்குப் போகும் வீட்டில், அதிலும் பெண்பிள்ளை இருக்கும் வீட்டில், அந்த ஓராண்டு எதில் போய் முடியும் என்பது நமக்குத் தெரியும். நகரத்துப் பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்தே பயிற்சி மையத்துக்குப் போய், இரண்டு வாய்ப்பையும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

இந்தத் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. யூசீட் மூன்று மணி நேரம், 300 மதிப்பெண். கணினியில் விடையளிக்கும் முதல் பகுதிக்கு 200. கையால் வரைவதும் வடிவமைப்புத் திறனும் அடங்கிய இரண்டாம் பகுதிக்கு 100. ஒரு பொருளைத் திருப்பி வைத்தால் எப்படித் தெரியும், ஒரு தாளை மடித்து வெட்டி விரித்தால் என்ன கோலம் வரும், ஒரு வடிவம் அடுத்து எப்படித் தொடரும் என்பவை போன்ற கேள்விகள் அதில் வரும். கண்ணுக்கும் கைக்கும் வைக்கும் சோதனை.

இதைக் காஞ்சியில் சொல்லித் தெரிய வேண்டுமா? பட்டுச் சேலையின் புட்டாவும் கரையும் முதலில் கட்டம்போட்ட தாளில் வரையப்படுகின்றன. பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் இடம்தான் ஒவ்வொரு கட்டமும். அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்தி, ஜக்கார்டில் கோத்தால் தறியில் மயிலும் மாங்காயும் இறங்கும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளர் இரண்டைப் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவதைத் தள்ள வேண்டும்.

அந்த இன்னொருவர் நெடுங்காலம் ஒரு குழந்தையாக இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உட்கார்ந்த குழந்தை. 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் 2003 ஜனவரியில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்தக் கடனுக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பையும் அறிக்கை பேசியது. அன்று நாடா தள்ளியவர்களுக்கு இன்று முப்பது, முப்பத்தைந்து வயது. அவர்களின் பிள்ளைகள்தான் இப்போது மேல்நிலை வகுப்புகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

காஞ்சியில் தறியைச் சொந்தமாக வைத்திருப்பவர், கூலிக்கு நெய்பவர் என்ற பிரிவு பழையது. சுற்றுவட்டக் கிராமங்களில் கூலிக்குத் தறியில் உட்காருபவர்களில் தலித்துகளும் உண்டு. எந்தப் புட்டா, எந்த நிறம் என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்களைப் பார்ப்பது அரிது. வரைபவர் வேறு, வாங்குபவர் வேறு, விற்பவர் வேறு. 2005-இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயரைப் பாதுகாத்தது. யார் வரையலாம் என்ற கேள்வியைத் தொடுவது அதன் வேலையில்லை. அந்தக் கேள்வி கல்லூரிச் சேர்க்கையில்தான் தீர வேண்டும். டிசைன் படிப்பு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். மருத்துவம், பொறியியல் அளவுக்கு நம் இயக்கங்கள் இதைப் பேசாதது ஒரு குறை என்றே சொல்வேன்.

அகமதாபாத் என்ஐடிக்கு விதை போட்டது 1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குத் தந்த அறிக்கை. இந்தியாவில் தாங்கள் பார்த்த மிகச் சிறந்த வடிவங்களில் ஒன்றாக நம் வீட்டுச் சொம்பை அதில் வியந்து பாராட்டியிருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பில் எப்படி நிற்கும், கழுத்தைக் கை எப்படிப் பிடிக்கும் என்றெல்லாம் யோசித்தார்கள். அந்தச் சொம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற கேள்வி அவர்களுக்குத் தோன்ற வாய்ப்பில்லை. இரட்டைக் குவளையைப் பார்த்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை அந்த வகுப்பறைக்குப் போனால், பொருள்களைப் பற்றி அங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கும். நம் பிள்ளைகள் அங்கே போவதால் அந்தப் படிப்புக்கும் லாபம் உண்டு.

தடைக்கு வருவோம். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஜேஇஇ முதல்நிலைத் தேர்வையும் தமிழில் எழுதலாம். யூசீட் ஆங்கிலத்தில் மட்டும். என்ஐடி, நிஃப்ட் தேர்வுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும். படம் வரையும் திறனைச் சோதிக்கும் தேர்வுக்கு மொழி ஒரு வேலியாக நிற்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு வரையத் தெரியும். எதை வரையச் சொல்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் நேரம் போய்விடும். நீட்டுக்காக இவ்வளவு குரல் கொடுக்கும் நம் கட்சிகள் இந்த ஒரு கோரிக்கையையாவது நாடாளுமன்றத்தில் எழுப்பலாம்.

பள்ளியில் ஓவிய ஆசிரியர் என்ற ஒருவர் உண்டு, அல்லது இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 2012-இல் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்திருந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். வரையும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் வழி சொல்ல வேண்டியவரின் நிலை இது.

ஒரு சின்ன வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் என்ற பெயரையும் வடிவமைப்பு என்ற சொல்லையும் ஒருசேரத் தாங்கிய மத்தியக் கல்வி நிறுவனம் ஒன்று 2007-இல் வந்தது. இருப்பது வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில். 2019-இல் மாவட்டம் பிரிந்ததும் அது செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டது. அங்கே பி.டெக். சேர ஜேஇஇ எழுத வேண்டும். பெயரைப் பார்த்துவிட்டுத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய் விசாரித்தால் ஏமாற்றம்தான்.

இனி, தெரிந்துகொள்ள வேண்டியவை. யூசீட் எழுத பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் போதும். வணிகவியல், கலைப் பிரிவுப் பிள்ளைகளும் எழுதலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் எல்லாப் பிரிவு மாணவிகளுக்கும் விண்ணப்பக் கட்டணம் பாதி. முதல் பகுதியில் பொதுப்பிரிவுக்கான கட்-ஆஃபில் பாதி எடுத்தாலே பட்டியல் சாதி மாணவரின் இரண்டாம் பகுதி திருத்தப்படும். மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம். தமிழ்நாட்டில் உள்ள 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கான 3 சதவீத உள்ஒதுக்கீடும் அங்கே கிடையாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீதமும் கிடையாது.

சாதிச் சான்றிதழில் கவனம் தேவை. மத்திய நிறுவனங்கள் தங்கள் படிவத்தில் கேட்கும். மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்களைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியைத் தரவில்லை. அவர்கள் மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழை வருமான விவரத்தோடு புதிதாக வாங்க வேண்டும். அக்டோபரில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் நேரத்துக்குக் கைக்கு வராது. ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள்.

நிஃப்டில் கைவினைஞர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் தனிச் சேர்க்கைப் பிரிவு ஒன்று உண்டு. கைத்தறி அல்லது கைவினைத் துறை ஆணையர் வழங்கும் அடையாள அட்டை அதற்கு வேண்டும். கூலிக்கு நெய்யும் நம்மவர்கள் எத்தனை பேரிடம் அந்த அட்டை இருக்கிறது? தறி முதலாளி வீட்டில் இருக்கிறது, அட்டை எதற்கு என்று விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். நெசவாளர் என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி. இல்லாதவர்கள் காஞ்சிபுரத்திலேயே இருக்கும் நெசவாளர் சேவை மையத்தில் போய்க் கேளுங்கள்.

பணத்துக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகை ஐஐடி, என்ஐடி, நிஃப்ட் போன்றவற்றில் முழுக் கல்விக் கட்டணத்தையும் ஏற்கிறது. அதற்கு மேல் முதலாண்டு 86,000 ரூபாயும் அடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாயும் படிப்புச் செலவுக்குத் தருகிறது. ஆனால் ஒரு கல்லூரிக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பு இருப்பதால், சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

மத்திய நிறுவனம் மட்டுமே கதி என்று நினைப்பதும் தவறு. எழும்பூரில் 1850 முதல் இயங்கும் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம், சிற்பத்தோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பும் ஆடை வடிவமைப்பும் உண்டு. கும்பகோணத்திலும் கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தமிழில் பேசிப் படிக்கலாம். கட்டணமும் தாங்கும் அளவு. சினிமாவில் தலித் வாழ்வைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்த இயக்குநர் பா.ரஞ்சித் எழும்பூரில் படித்தவர். அவருடைய காட்சிகளில் சுவரும் நிறமும் பேசுவதற்கு அந்தக் கல்லூரியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இடம் கிடைத்த பிறகும் ஒன்று இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஐஐடி பம்பாயில் முதலாண்டு தலித் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சாதிப் பாகுபாடே காரணம் என்றது குடும்பம். நிறுவனத்தின் குழு அதை மறுத்தது. பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. அனுப்பும் வீட்டார் அங்குள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் பிரிவின் தொலைபேசி எண்ணை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அம்பேத்கர் பெயரில் மாணவர் வட்டம் இருந்தால் அதில் சேரச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறையாவது பிள்ளையோடு பேச வேண்டும்.

ஆதிதிராவிடர் நல விடுதிக் காப்பாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செப்டம்பர் இறுதியில் மூன்று தேர்வுகளின் பெயரையும் விண்ணப்பத் தேதியையும் அறிவிப்புப் பலகையில் எழுதிப்போடுங்கள். தாட்கோ பல தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறது. வடிவமைப்புத் தேர்வுக்கும் மாவட்டத்தில் ஒரு வகுப்பு நடத்தச் சொல்லி எழுத்து மூலம் கேளுங்கள். ஊர் மன்றங்களில் இருக்கும் இளைஞர்களும் கேட்கலாம். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.