ஒரு ரூபாய் பாக்கி

'சே, என்ன அல்பத்தனம்!' என்று யாரையாவது மனத்துக்குள் திட்டாமல் உங்களுக்கு ஒரு வாரம் கழிந்ததுண்டா? எனக்கு இல்லை. சென்ற வாரம் எங்கள் தெரு மளிகைக் கடையில் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்பதைக் கேளுங்கள்.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி. பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். கணக்கு 99 ரூபாய். கடைக்கார அண்ணாச்சி பாக்கிக்குப் பதிலாக ஒரு மிட்டாயை எடுத்து வைத்தார்.

"மிட்டாய் வேண்டாம் அண்ணாச்சி, ஒரு ரூபாயைக் கொடுங்க."

"சில்லறை இல்லே பாட்டி."

"இருக்கும், பாருங்க."

பின்னால் நாலு பேர் காத்திருந்தோம். எனக்கோ அவசரம். ஒரு ரூபாய்க்கு இவ்வளவு வழக்கா!

நம்முடைய வசவுகளில் பல, காசிலிருந்து பிறந்தவை. சல்லிப் பயல், சில்லறை புத்தி, தம்பிடிக்குப் பெறாதவன். அந்தத் தம்பிடிக்கும் ஒரு காலத்தில் கணக்கு உண்டு. 192 தம்பிடி சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று ஆயிற்று. கால் நயா பைசாவுக்குக் காசு கிடையாது. அந்தக் கால் யாருக்கு என்று கடைக்குக் கடை சண்டை நடந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. 2011 ஜூன் மாதத்தோடு நாலணாக் காசும் செல்லாமல் போயிற்று. ஆனால் ரூபாய்? அதே 2011-ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி, ஆயிரம் ரூபாய்க் கடனை ஒற்றை ரூபாய்க் காசுகளாகவே கொட்டித் தீர்க்கலாம். அந்தச் சட்டத்தில் மிட்டாயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது!

இதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? என் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து, "இந்தாங்க பாட்டி, வெச்சுக்குங்க" என்று நீட்டினேன். பெரிய தர்மப் பிரபு!

பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை.

"உன் காசு எனக்கு எதுக்குப்பா? என் காசைத்தானே கேக்கறேன்."

நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாயை அடைக்க ஒரு ரூபாய் போதும் என்று நான் விலை போட்டது அவருக்குப் புரிந்துவிட்டது.

அண்ணாச்சி கல்லாவின் மூலையில் விரலை விட்டுத் துழாவினார். காசு கிடைத்தது. பாட்டி அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அவசரமில்லாமல் படியிறங்கினார்.

அடுத்தது என் முறை. எனக்கும் ஒரு ரூபாய் பாக்கி வந்தது. அண்ணாச்சி மிட்டாயை வைத்தார். நான் பேசாமல் எடுத்துக்கொண்டேன். வீட்டில் மிட்டாய் தின்கிற வயதில் பையன் இருக்கிறான். ஏனோ அவனிடம் கொடுக்க மனம் வரவில்லை. அது இன்னும் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.