திருவாதிரையும் குளோ பிளக்கும்

சென்ற மார்கழித் திருவாதிரையன்று, எண்பதை நெருங்கும் அன்னையாருடன் விடியுமுன் கடலூரிலிருந்து சிதம்பரம் புறப்பட எண்ணியிருந்தோம். நமது பழைய டீஸல் கார் இசையவில்லை. ஸெல்ப் சுழன்றது, வெண்புகை வந்தது, எஞ்சின் பிடிக்கவில்லை.

ஒரு மாதமாகவே காலை வேளைகளில் அது முரண்டு செய்தது. உஷ்ண தேசத்தில் குளோ பிளக் எதற்கென்று அலட்சியமாயிருந்துவிட்டோம். 1897-ல் ஜெர்மனியில் ருடால்ப் டீஸல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை அழுத்திய சூட்டிலேயே எண்ணெய் பற்றவேண்டும். பழைய மாதிரி எஞ்சின்களிலோ, குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடுகிறது. அக்குறையைத் தீர்ப்பதே பிளக்கின் வேலை.

அண்டை வீட்டு அன்பர் ஈதர் டப்பாவுடன் ஓடி வந்தார். நல்லவேளை, தடுத்தோம்! பிளக் பழுத்திருக்கையில் ஈதர் புகுந்தால் வெடித்து எஞ்சினையே உடைத்துவிடும்.

மெக்கானிக் வந்தார். பியூஸும் ரிலேயும் சரி. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றினார். கழற்றாவிட்டால் நல்லது கெட்டதை மறைத்துவிடுமாம். பாட்டரியின் பாஸிடிவில் கோத்த சோதனை விளக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டார். நான்கில் மூன்றுக்கு விளக்கு எரியவில்லை.

கரி பிடித்து இறுகிய பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளேயே முறிந்துபோம். ஆகையால் எண்ணெய் விட்டுப் பொறுமையாகக் கழற்றினார். புதியவை வாங்கக் கடை திறக்கும்வரை காத்திருந்தோம்.

அதிகாலை அபிஷேகம் போயிற்று. பிற்பகல் தரிசனத்துக்குத்தான் அன்னையாரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றோம். வழி நெடுக அவர் நம்மோடு பேசவேயில்லை.