ஊசி போட்ட பிறகு பூனைக்கு என்ன ஆச்சு? நாளை எண்ணிப் பாருங்க!

பூனைக்குத் தடுப்பூசி போட்ட வீடுகளில் மறுநாள் காலையில் கேட்கும் வசனம் ஒன்று உண்டு. ``நல்லா ஓடிட்டிருந்த குட்டிய ஊசி போட்டுக் கெடுத்துட்டோமே!'' கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். கூப்பிட்டால் காதை மட்டும் அசைக்கும். தொட்டால் உடம்பு சுடும். அடுத்ததாக வீட்டில் யாராவது ஒருவர் மாத்திரை டப்பாவைத் திறப்பார்.

அந்த டப்பாவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா கையோடு பாராசிட்டமாலும் கொடுத்து, ``காய்ச்சல் வந்தா குடுங்கம்மா'' என்று சொல்லி அனுப்புவார். அந்தப் பழக்கம் அப்படியே பூனைக்கும் தாவிவிடுகிறது. பச்சைக் குழந்தைக்கே கொடுக்கும்போது பூனைக்குக் கொடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கால் மாத்திரை, சொட்டு மருந்து என்று குறைத்துக் கொடுக்கும் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது.

காரணம், இந்த மருந்தை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. வெளியேற முடியாத மருந்து வேறு பொருளாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் திணறும். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவிலேயே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. அதாவது, 4 கிலோ பூனைக்கு 40 மி.கி. நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் 250 மி.கி. சிரப்பில் ஒரே ஒரு மில்லியில் 50 மி.கி. இருக்கிறது. முழு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதுமானது.

மருந்து உள்ளே போன சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். எச்சில் வடியும், மூச்சு வாங்கும். பார்க்கிறவர்கள், ``ஊசி ஒத்துக்கல'' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மாத்திரை கொடுத்ததை மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. மனிதர்கள் பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கினால் கொடுப்பதும் அதே மருந்துதான். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

சரி, மாத்திரை கொடுக்கவில்லை. ஆனாலும் பூனை சுருண்டு படுத்திருக்கிறது. அது ஊசியால்தானா?

தர்மபுரி மாவட்டத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு இதைப் பாதி விளக்கினால் போதும். கோமாரி ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். சொசைட்டியில் லிட்டர் குறைந்ததற்காக யாரும் மாட்டுக்கு மர்ம நோய் வந்துவிட்டதாகப் பயப்படுவதில்லை. பூனைக்கும் அதே கணக்குதான். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ சோர்வு, லேசான காய்ச்சல், பசியின்மை, ஊசி போட்ட இடத்தில் வலி இதெல்லாம் வரலாம். பெரும்பாலும் இரண்டு நாளில் சரியாகிவிடும். சில குட்டிகள் ஓரிரு நாள் நொண்டி நடக்கும். அமெரிக்காவில் தடுப்பூசி போட்ட ஏறத்தாழ 5 லட்சம் பூனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியானது. ஊசி போட்ட 30 நாளுக்குள் ஏதாவது பக்கவிளைவு பதிவானது 10,000 பூனைகளுக்குச் சுமார் 52. அதிலும் அதிகம் இருந்தது வெறும் சோர்வுதான்.

இதில் அவசரமான விஷயம் ஒன்று உண்டு. ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, முக வீக்கம், மூச்சுத்திணறல், மயங்கிச் சரிவது என்று வந்தால் அது கடுமையான ஒவ்வாமை. `வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பக் கூடாது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவர்கள், ஊசி போட்டதும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடாமல் அரை மணி நேரமாவது மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது.

மூன்றாவது நாளும் பூனை எழவில்லையா? நன்றாக விளையாடிக்கொண்டிருந்தது பத்தாவது நாள் படுத்துவிட்டதா? இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். ஊசிக்குப் பிறகு வந்ததெல்லாம் ஊசியால் வந்தது என்று நினைத்துவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடுவதே நின்றுபோகும்.

குட்டிகளிடம் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேன்லூக்கோபீனியா. நாய்களின் பார்வோ வைரஸுக்குச் சொந்தக்காரன். உடம்புக்குள் புகுந்து 2 முதல் 10 நாள் வரை சத்தமில்லாமல் இருக்கும். ஏற்கெனவே தொற்றிய குட்டியைத் தூக்கிப்போய் ஊசி போட்டால், ஊசி வேலை செய்வதற்குள் நோய் முந்திக்கொள்ளும். வாந்தி, பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலேயே தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது என்றெல்லாம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சிகிச்சை இல்லாத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும்.

கிராமத்துப் பூனைக்கு இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. எலி மருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம். அல்லது, மருந்து தெளித்த தக்காளித் தோட்டத்தில் நடந்துவிட்டு வந்து பாதத்தை நக்கியிருக்கலாம். எச்சில் வடிந்து உடம்பு வெட்டி இழுத்தால், `பக்கத்தில் யாராவது மருந்து அடித்தார்களா' என்று விசாரித்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

காரிமங்கலம் பக்கம் இருக்கும் என் சித்தி வீட்டுப் பூனைக்கு வந்தது இவை எதுவும் இல்லை. செம்பனுக்கு அப்போது ஒன்பது மாதம். ஊசி போட்ட மறுநாள் தூங்கினான், அதற்கடுத்த நாள் ஓட்டின் மேல் ஏறிவிட்டான். பன்னிரண்டாவது நாள் காய்ச்சல், 104 டிகிரி. பூனைக்கு 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு என்பதால், 104 நிச்சயம் காய்ச்சல்தான். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டும் இறங்கவில்லை. முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, ``சினையா இருக்குமோ'' என்றார். செம்பன் கடுவன். ``இனிமே எந்தப் பூனைக்கும் ஊசி போட மாட்டேன் கண்ணு'' என்று சித்தி போனில் அழுதார்.

வயிற்றிலிருந்து எடுத்த நீர் விளக்கெண்ணெய் போல மஞ்சளாக, விரலில் ஒட்டிக் கம்பி இழுத்தது. மருத்துவர், டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு வினிகர் கலந்து, அதில் இந்த நீரை ஒரு சொட்டு விட்டார். கரையவில்லை. ஜெல்லி மாதிரி மெதுவாக அடிக்கு இறங்கியது. ரிவால்ட்டா சோதனை என்று பெயர். பெரிய லேப் எதுவும் தேவையில்லை. சொட்டு கரைந்திருந்தால் இந்த நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. கரையாவிட்டால் சந்தேகம் வலுக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் குறைவாகவும் குளோபுலின் மிக அதிகமாகவும் இருந்தது. எஃப்.ஐ.பி. என்றார்.

பூனைகளின் குடலில் ஒரு வகை கொரோனா வைரஸ் சாதாரணமாகவே இருக்கும். மனிதர்களுக்குத் தொற்றாது. பெரும்பாலான பூனைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சில பூனைகளில் மட்டும், குறிப்பாக இரண்டு வயதுக்குட்பட்டவற்றில், அது உருமாறி உடம்பு முழுவதும் பரவுகிறது. வீடு மாறுவது, ஆபரேஷன், தடுப்பூசிக்கான அலைச்சல் போன்றவற்றுக்குப் பிறகு நோய் தலைகாட்டுவது கவனிக்கப்பட்டிருக்கிறது. செம்பனுக்குப் போட்ட ஊசியில் இந்த வைரஸ் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததற்குக் கட்டைப்பையில் போன பஸ் பயணமும் பயமும் வழிவிட்டிருக்கலாம் என்பது மருத்துவர் கருத்து.

1963-ல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, எஃப்.ஐ.பி. என்றால் மரணம் என்றே இருந்தது. 2019-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் குழு, ஜி.எஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 25 பிழைத்து நின்றன. ரெம்டெசிவிர் ஞாபகம் இருக்கிறதா? 2021-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனங்கள் கால் கடுக்க வரிசையில் நின்றார்களே, அதே மருந்து. அது உடம்புக்குள் போனதும் இந்த ஜி.எஸ்-441524 ஆகத்தான் மாறுகிறது. 2023-ல் சைப்ரஸ் தீவில் இந்த நோய் பெரிய அளவில் பரவியபோது, மனிதர்களுக்காக வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்த அரசே அனுமதித்தது.

வழக்கமான சிகிச்சை 84 நாள். எடைக்கு ஏற்ப மருந்தின் அளவு கூடும் என்பதால் வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். செம்பனைப் பையில் போட்டு எடை பார்ப்பது ஊர்த் தக்காளி மண்டித் தராசில். இன்றைக்கு 40-வது நாள். காய்ச்சல் முதல் வாரமே விட்டுவிட்டது, 2.4 கிலோ 3.1 ஆகியிருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று மாதம் கண்காணிக்க வேண்டுமாம். செலவு அதிகம்தான். சித்தி பால் பணத்தில் சமாளிக்கிறார். எல்லோராலும் முடியாது என்பதும் உண்மை.

நம் மாவட்டத்தில் கால்நடை மருந்தகம் என்றால் ஆடு, மாடு, கோழிக்குத்தான் கூட்டம். டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. சிக்கலான நோய் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருக்கிறது. அதுவரை பூனையைத் தாங்குவது வீட்டில் இருப்பவர்களின் வேலை.

இதில் முக்கியமானது சாப்பாடு. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, மூல நோயைவிட அதுவே பெரிய பிரச்னையாகிவிடும். `பசிச்சா தானா சாப்பிடும்' என்று விடக் கூடாது. ஏரி ஜிலேபி மீனையோ கோழியையோ உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, முள்ளெடுத்து, வெதுவெதுப்பாக வையுங்கள். மூக்கில் வாசனை ஏறினால்தான் பூனை வாய் வைக்கும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பால் பேதியைக் கூட்டும். சாப்பிடாவிட்டால் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இந்தப் போராட்டத்தில் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி தேவையா என்று கேட்டுவிடுங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தினமும் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தையும் பாருங்கள்.

ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி வந்தால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். அபூர்வமாக அது புற்றுநோயாக மாறுவது 1991-லேயே கண்டறியப்பட்டது. மருத்துவர்கள் இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கட்டி 3 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, 2 செ.மீ-க்கு மேல் பெரிதானாலோ, ஊசி போட்டு 1 மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே இருந்தாலோ சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவணை? பூனை காய்ச்சலோடு இருக்கும்போது வேண்டாம், தேறட்டும். போன முறை முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது என்றால் மருத்துவரிடம் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போடுவதையும், எதைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் அவர் முடிவு செய்வார். மருந்துக் கடையில் நீங்களே வாங்கிப் போவதாக இருந்தால் ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து வெயிலில் வெந்தால், ஊசி போட்டும் நோய் வரும். பாட்டிலில் இருக்கும் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, பக்கத்தில் ஊசி போட்ட நேரத்தையும் எந்தக் கால் என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பத்து நாள் கழித்துப் பூனை படுத்தால் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டையைத்தான்.