பீடோங்கில் ஒரு சனிக்கிழமை இரவு

"நல்ல சாப்பாட்டுக் கடை ஒன்று சொல்லுங்களேன்" என்று வானொலிக்கு யாராவது அழைத்தால், மூச்சு விடாமல் ஐந்து கடைகள் சொல்வேன். என் அப்பா அம்மாவுக்கு ஒரு கடை தேட எனக்கு மூன்று வாரம் ஆனது.

சுங்கை லாலாங் வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் கிள்ளானில் எங்களோடு இருக்க வருகிறார்கள். அப்பாவுக்கு முட்டி வலி. இனியும் தனியாக விட மனமில்லை. புறப்படுவதற்கு முன் குடும்பத்தோடு நல்ல இடத்தில் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. 'கடைசிச் சாப்பாடு' என்று வாய் தவறிச் சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலில் பினாங்கு. கடலோர ஹோட்டலின் பஃபே படங்களை அனுப்பினேன். அப்பா "ம்" என்றார். சரி, நாசி கண்டார்? தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தமிழ் முஸ்லிம்கள் பினாங்குத் தெருக்களில் விற்ற சாப்பாடு அது. காண்டா கம்பில் பால் வாளி சுமந்த அப்பாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் வரிசையில் நிற்க முட்டி விடாது. மெர்போக் ஆறு கடலில் சேரும் தஞ்சோங் டாவாய்க்குப் போகலாமா என்றேன். "அங்கே மீன் வாங்கத்தானே போவோம், உட்கார்ந்து சாப்பிடவா?" என்றார் அம்மா.

பிறகு ஒரு நாள் அம்மாவே போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த ஹோட்டலில் ஒரு ஆளுக்கு எவ்வளவும்மா? உங்கப்பா கேட்டார்."

"அதெல்லாம் அவருக்கு எதுக்கும்மா? நாங்கதானே கூட்டிட்டுப் போறோம்."

"இல்லலா. மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளைக்கு அவர் கையால ஒருவேளை சோறு போடணுமாம்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாக நான் பார்த்தது என்னுடைய பட்ஜெட்டைத்தான். ஹோட்டல் விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கு மேல் வரி. தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர் அந்தப் பில்லை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? கிள்ளானுக்கு வந்துவிட்டால், நாங்கள் என்ன சொன்னாலும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான். இங்கேதான் அவர் வீட்டுக்காரர்.

அதன் பிறகு தேடவே இல்லை. பீடோங்கில் ஒரு மாமாக் கடை. சம்பள நாளன்று மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒருவர், பின்னால் இருவர் என எங்களை அள்ளிக்கொண்டு அப்பா போகும் கடை. ஒரு தட்டு மீ கோரேங்கை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு, அவர் தேநீர் மட்டும் குடிப்பார். அவருக்குப் பசிக்காது என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மா கவுச்சி தொடமாட்டார். அதனால் சனிக்கிழமை இரவு. படி இல்லாத வாசலோரம் மேசை கிடைத்தது. இந்த முறை அப்பாவுக்கும் ஒரு முழுத் தட்டு. நண்டு, ஆட்டுக்கறி என்று மாப்பிள்ளையைக் கேட்டுக் கேட்டு வரவழைத்தார். தேநீர் மட்டும் சீனி இல்லாமல்.

பில் 92 வெள்ளி. என் கணவர் வழக்கம்போல் ஸ்கேன் செய்ய போனை எடுத்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, நோட்டுகளை இரண்டு முறை எண்ணி வைத்தார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு மீ பொட்டலம் கட்டு. பக்கத்து வீட்டுக்கு" என்றார்.