பறந்த பெண்ணை நம்பிய ஊர்

மாய யதார்த்தம் என்றாலே மனம்போன போக்கில் அளந்து விடலாம், கேட்பாரில்லை என்ற நினைப்பு வாசகர்களிடம் மட்டுமல்ல, எழுதுகிறவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. நிஜத்துக்கு முகம்கொடுக்கத் துணிவில்லாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அது என்று மேடைதோறும் முழங்குகிறவர்களும் உண்டு. முன்னது அறியாமை. பின்னது அநியாயம்.

1967இல் வெளிவந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் அழகி ரெமேதியோஸ் உடலோடு வானேறிப் போகிறாள். எல்லோருக்கும் இது நினைவிருக்கிறது. எப்படிப் போகிறாள்? தோட்டத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது, காற்றில் படபடக்கும் அந்த விரிப்புகளோடு. ஊரில் பெரும்பாலோர் அற்புதம் என்று நம்பி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வீட்டு மருமகள் ஃபெர்னாண்டாவோ, விரிப்புகளையாவது திருப்பித் தரும்படி கடவுளிடம் நெடுநாள் மன்றாடுகிறாள். அந்த வயிற்றெரிச்சல்தான் நம்மையும் நம்பவைக்கிறது. வீட்டையும் துணியையும் பொறாமையையும் துல்லியமாக எழுதத் தெரியாத கை, அவளை ஓர் அங்குலம்கூட மேலே தூக்கியிருக்காது. தொண்ணூறுகளில் இந்த அலை தமிழுக்கு வந்தபோது பலர் பறத்தலை எடுத்துக்கொண்டு விரிப்பை விட்டுவிட்டார்கள்.

ஒளிந்துகொள்ளும் எழுத்து என்பவர்கள் அதே நாவலின் வாழைத்தோட்டப் பகுதியைப் படிக்கட்டும். 1928 டிசம்பரில், கொலம்பியாவின் சியேனகாவில், யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. வாரச் சம்பளம் கொடு, காசுக்குப் பதில் கம்பெனிக் கடைச் சீட்டு கொடுக்காதே, மருத்துவ வசதி செய் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். அவர்கள் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள், எங்கள் ஊழியர்களே அல்ல என்றது கம்பெனி. படைத்தலைவர் ஜெனரல் கோர்தேஸ் வார்காஸ் ஒப்புக்கொண்ட சாவு 47. உண்மைக் கணக்கு இன்றுவரை தீரவில்லை.

மார்க்கேஸ் அந்த வாழைப் பிரதேசத்திலேயே, அரகதாகாவில் பிறந்தவர். நாவலில் 3,000 பேரின் பிணங்களை ரயிலில் ஏற்றிக் கடலில் வீசக் கொண்டுபோகிறார்கள். கதையின் வீச்சுக்கேற்பப் பெருக்கிய எண் அது என்று பின்னாளில் அவரே சொன்னார். பிணங்களுக்கு நடுவிலிருந்து தப்பி வந்த ஹோசே அர்காதியோ செகுந்தோ, நடந்ததைச் சொல்கிறான். ஒருவரும் நம்பவில்லை. இங்கே யாரும் சாகவில்லை என்கிறது ஊர். பெண் பறந்ததற்கு மெழுகுவர்த்தி ஏற்றிய அதே ஊர்! அரசின் பொய் ஒரு சமூகத்தின் நினைவுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொன்ன யதார்த்த நாவல் எது? கொலம்பியாவுக்கு வெளியே பெரும்பாலானோர் அந்தப் படுகொலையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இந்த நாவல் வழியாகத்தான். இதையா ஓடி ஒளிகிற எழுத்து என்கிறீர்கள்?