சம்மாட்டிக்குத் தனி மரபணு உண்டா?

மன்னார்த் தீவின் தென்கரையில், வளைகுடாவை நம்பி வாழும் கடற்றொழில் ஊர் தாழ்வுபாடு. படகும் வலையும் உடையவரைச் சம்மாட்டி என்பது வடபகுதிக் கரையோர வழக்கு. அவரிடம் தொழிலுக்குப் போகிறவர் பங்குக்கோ கூலிக்கோ போகிறார். சம்மாட்டியின் மகனும் சம்மாட்டியாகும்போது, 'அது அவையின்ர ரத்தத்திலேயே இருக்கு' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. இந்தப் பழைய எண்ணத்துக்கு இப்போது அறிவியலும் துணைக்கு அழைக்கப்படுகிறது: தொழில்முனைவில் பாதி மரபணுவில் வருகிறது, முனைவோரின் மூளையே வேறு என்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் உண்மையான ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை சொன்னது வேறு.

'பாதி' என்ற கணக்கு, நிக்கோஸ் நிக்கோலாவு, ஸ்கொட் ஷேன் முதலியோர் பிரித்தானிய இரட்டையரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. ஒரு கரு இரட்டையர் தொழில் தொடங்குவதில் ஒருவரையொருவர் ஒத்திருந்த அளவு, இரு கரு இரட்டையரிடம் கண்டதைவிட அதிகம். அந்த இடைவெளியிலிருந்து மரபின் பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு வரை மதிப்பிடப்பட்டது. ஓர் ஆளின் முனைப்பில் பாதி பெற்றோர் கொடுத்தது என்பதல்ல இதன் பொருள். ஒரு சமூகத்தில், ஒரு சூழலில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபோடு சேர்ந்து போகிறது என்பதையே அது குறிக்கும். சூழல் மாறினால் எண்ணும் மாறும். 2009இல் வந்த சுவீடன் இரட்டையர் ஆய்வில் பெண்களிடம் மரபின் தாக்கம் வலுவாகத் தெரிந்தது. ஆண்களிடமோ வளர்ந்த வீட்டின் தாக்கமே மேலோங்கியது.

அப்படியிருக்க, பிரித்தானியாவின் எண்ணை மன்னாருக்குத் தூக்கி வருவது எப்படி? போர்க்காலத்தில் வடகடலில் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இன்றிப் படகு இறக்க முடியாதிருந்தது. நேரத்துக்கும் தூரத்துக்கும் தடை. யார் தொழிலுக்குப் போவது என்பதை அன்று தீர்மானித்தது சோதனைச் சாவடி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. அந்த எண்ணெயில் ஓடும் எஞ்சின் பூட்டிய பைபர் படகுக்காரர், பாடு விற்ற காசில் எண்ணெய்ச் செலவாவது தேறுமா என்று பார்த்த பிறகே படகைத் தள்ள வேண்டியிருந்தது. துணிச்சல்காரருக்கும் விலை அதேதான்.

குறிப்பிட்ட மரபணுவைத் தேடிய கதை இன்னும் பலவீனமானது. 2011இல் டோபமைன் ஏற்பி மரபணு ஒன்று தொழில்முனைவோடு தொடர்புபடுத்தப்பட்டது. வேறு பெருந்திரளில் தேடியபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. 2013இல் 50,627 பேரின் தரவுகளைச் சேர்த்து மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியும், சுயதொழிலோடு உறுதியாகப் பிணைந்த ஒரு புள்ளிகூட அகப்படவில்லை. மரபுக்குப் பங்கே இல்லை என்று இதனால் ஆகாது. பங்கு இருந்தால் அது கணக்கற்ற நுண்ணிய தாக்கங்களாகச் சிதறிக் கிடக்கிறது என்பதே பொருள்.

தந்தை வழியில் மகன் போவது இரத்தத்தாலா, வீட்டாலா? தத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் இதைப் பிரித்தறியலாம். சுவீடனில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, பெற்றவர் தொழில்முனைவோராக இருந்ததும் வளர்த்தவர் அப்படி இருந்ததும் பிள்ளையைப் பாதிக்கின்றன என்று கண்டது. வளர்த்தவரின் தாக்கம் மற்றதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தாழ்வுபாடு போன்ற ஊரில் வளர்த்த வீடு கொடுப்பதைக் கையால் தொட்டே காட்டலாம்: படகு, வலை, வாடி, கடலடியில் பாறை எங்கே என்ற அறிவு, கடன் கொடுக்கும் முதலாளியிடம் தகப்பன் சேர்த்த நம்பிக்கை. முற்பணம் வாங்கி, அதற்குக் கட்டுப்பட்டு மீன் கொடுக்கிறவரின் மகனுக்குக் கடன்தான் முதுசொம்.

மூளை பற்றிய வாதம் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஊன்றி நிற்கிறது. அதில் பங்கேற்றவர்கள் 16 முனைவோரும் 17 மேலாளரும். கணினியில் பந்தயம் கட்டும் சோதனையில் முனைவோர் கூடுதலாகத் துணிந்தார்கள். மூளைக்குள் படமெடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் துணிவு தொழிலுக்கு முன்பே இருந்ததா, தொழில் செய்து வந்ததா என்பதும் அதில் தெரியாது. ஆபத்தை நாடும் மூளைதான் முதலாளியை ஆக்குகிறது என்றால், கரையில் நிற்கும் சம்மாட்டியைவிட, வாடைக் காற்றில் வலை இழுக்கப் போகும் கூலியாளே முதலில் படகு வாங்கியிருக்க வேண்டும்.

சிறு தொழிலுக்குக் கைகொடுப்பது முதலா, முனைவோரின் இயல்பா என்பதை இலங்கையிலேயே சோதித்திருக்கிறார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு தொழில்காரருக்கு, குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவியை சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் வழங்கினர். 2008இல் வெளியான முடிவின்படி, அந்தச் சிறு முதல் மாதம் ஏறத்தாழ 5 வீதம் வருவாய் தந்தது. வங்கி வட்டியைவிட மிக அதிகம். திறமை கூடியவர் கூடுதலாக ஈட்டினார், ஆபத்துக்கு அஞ்சும் இயல்பு வருவாயை மாற்றவில்லை. பெண்கள் நடத்திய தொழில்களில் அதே பணம் சராசரியாக இலாபத்தைக் கூட்டவில்லை. அந்த இடைவெளியைத் திறமையோ, ஆபத்து அச்சமோ, முனைவு மனப்பான்மையோ விளக்கவில்லை என்பதையும் அவர்களே பின்னர் காட்டினார்கள்.